கார்ட் எஞ்சினில் ஒரு பந்தய ரம்பம்: ஓர் இயந்திரத்துக்குள் எத்தனை பாடங்கள்!

மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம் நம் மாணவர்களுக்குப் புதியதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோது, சாலைகளில் விழுந்து கிடந்த மரங்களை அகற்ற ஊர் ஊராக அலைந்தது அந்த இயந்திரம்தான். மரவாடியிலும் தோப்புகளிலும் வேலை பார்க்கும் பெற்றோரின் கையில் அன்றாடம் அதைப் பார்க்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

அந்த ரம்பத்துக்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு. அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளில் நடக்கும் மரவெட்டிப் போட்டிகளில் அதை 'ஹாட் சா' என்கிறார்கள். கைப்பேசிக் காணொளிகள் வழியாக அது நம் மேல்நிலை வகுப்பு மாணவர்களின் கண்ணிலும் படுகிறது. பழைய பந்தயக் குட்டிக்கார்களின் எஞ்சினைக் கொண்டு ஆர்வலர்கள் இதைக் கையால் உருவாக்கும் விதத்தைக் கவனித்தால், வட்டத்தின் பரப்பளவு முதல் ஒலி எதிரொலிப்பு வரை நாம் நடத்தும் பல பாடங்கள் அதற்குள் இருப்பது தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது பள்ளியிலோ வீட்டிலோ செய்து பார்க்கத்தக்க செயல்பாடு அன்று. பொறிப்பட்டறை அனுபவம் மிக்கவர்களுக்கே ஆபத்தான இயந்திரம் இது. வகுப்பறைக்குள் வர வேண்டியது இதன் பின்னுள்ள காரண காரியம் மட்டுமே.

'ஹாட் சா' என்றால் என்ன?

அமெரிக்க இளைஞர்கள் பழைய கார்களின் எஞ்சினைத் திருத்தி வேகம் கூட்டியபோது அவற்றுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர் வந்தது. வேகம் கூட்டப்பட்ட ரம்பமும் அதே வழக்கில் 'ஹாட்' ரம்பம் ஆயிற்று. கடையில் விற்கும் நிலையில் உள்ள ரம்பத்துக்கு எதிர்ச்சொல்லாக இதைக் கொள்ளலாம்.

போட்டியின் விதி எளிது. சுமார் 46 செ.மீ. விட்டமுள்ள மரக்கட்டை கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கும். ரம்பத்தை முன்னரே ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்ளலாம். ஆனால் போட்டி தொடங்கும்போது அது அணைந்திருக்க வேண்டும். போட்டியாளரின் கைகள் கட்டையின் மேல் இருக்கும். சைகை கிடைத்ததும் ரம்பத்தை எடுத்து, கயிற்றை இழுத்து இயக்கி, மேலிருந்து கீழாக ஒன்று, கீழிருந்து மேலாக ஒன்று, மீண்டும் மேலிருந்து கீழாக ஒன்று என மூன்று முழு வட்டத் துண்டுகளை அறுக்க வேண்டும். மூன்றும் கட்டையில் குறிக்கப்பட்ட சுமார் 15 செ.மீ. அகலத்துக்குள் முடிய வேண்டும். தேர்ந்த போட்டியாளர்கள் இதைப் பத்து வினாடிக்குள் முடித்துவிடுகிறார்கள்.

ஏழாம், எட்டாம் வகுப்பு ஆசிரியர்கள் இங்கேயே ஒரு கணக்கைத் தொடங்கலாம். ஆரம் 23 செ.மீ. என்றால் ஒரு வெட்டின் பரப்பு 3.14 × 23 × 23, அதாவது ஏறத்தாழ 1,660 ச.செ.மீ. மூன்று வெட்டுக்கு ஏறத்தாழ 5,000 ச.செ.மீ. இது அரை சதுர மீட்டர். ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள மேசைப் பலகையின் பரப்பளவுக்கு மரத்தைப் பத்து வினாடிக்குள் அறுத்துத் தள்ளுகிறது அந்த இயந்திரம். 'வட்டத்தின் பரப்பளவு எதற்கு சார்?' என்று கேட்கும் மாணவனுக்கு இது ஒரு பதில்.

ரம்பத்திலிருந்து காருக்கு, காரிலிருந்து ரம்பத்துக்கு

'கார்ட்' என்பது தரையோடு தரையாக ஓடும், கூரையில்லாத சிறிய பந்தய வண்டி. 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்ற பந்தயக் கார் தொழிலாளர் முதல் கார்ட்டை உருவாக்கினார். எஃகுக் குழாய்களை ஒட்டவைத்துச் சட்டம் செய்து, இரண்டரைக் குதிரைத்திறன் கொண்ட ஒரு சிறிய இருவீச்சு எஞ்சினை அதில் பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே அது பெரிய விளையாட்டாக வளர்ந்தது.

அப்போது மோட்டார் ரம்பம் தயாரிப்பில் முன்னணியில் இருந்த மெக்கல்லாக் நிறுவனம், தன் ரம்ப எஞ்சினையே திருத்தி 1959இல் 'எம்.சி.-10' என்ற கார்ட் எஞ்சினாக வெளியிட்டது. பின்னர் வந்த 'எம்.சி.-91', 'எம்.சி.-101' போன்றவை பந்தயத் தடங்களில் புகழ்பெற்றன. எடை குறைவு, வேகம் அதிகம், எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஓடும் தன்மை ஆகிய மூன்றும் ரம்பத்துக்கும் தேவை, கார்ட்டுக்கும் தேவை. ஆகவே இந்த மாற்றம் எளிதாயிற்று. இன்று ஒருவர் பழைய மெக்கல்லாக் கார்ட் எஞ்சினை எடுத்து ரம்பமாக்கினால், அது பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆங்கில ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு துணுக்கு உண்டு. லண்டன் பாலம் பற்றிய சிறார் பாடலை நாம் தொடக்க வகுப்புகளில் பாடுகிறோம். அந்தப் பெயருடைய பாலம் வெவ்வேறு காலங்களில் புதிது புதிதாகக் கட்டப்பட்டது. 1831இல் திறக்கப்பட்ட பாலத்தை 1968இல் விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, அமெரிக்காவின் அரிசோனாவில் லேக் ஹவாசு நகரில் மீண்டும் எழுப்பியவர் இதே ராபர்ட் மெக்கல்லாக்தான்!

எப்படி உருவாகிறது?

எஞ்சின்: பழைய எஞ்சின் பெரும்பாலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஒன்றில் சிலிண்டர் நன்றாக இருக்கும். மற்றொன்றில் கிராங்க் தண்டு நன்றாக இருக்கும். இரண்டு மூன்றைப் பிரித்து ஒன்றாகக் கோப்பதே வழக்கம். இருவீச்சு எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையும் பம்பு போல வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது எரிபொருளும் காற்றும் அந்த அறைக்குள் இழுக்கப்படுகின்றன. கீழே வரும்போது அழுத்தப்பட்டு, சிலிண்டருக்குள் தள்ளப்படுகின்றன. எனவே அங்கே காற்றுக் கசிவு இருக்கக் கூடாது. தேய்ந்த சீல்களையும் பேரிங்குகளையும் மாற்றுவதே முதல் வேலை. நான்குவீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிகழும் ஆற்றல் வீச்சு, இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் நிகழ்கிறது. சிறிய எஞ்சினிலிருந்து பெரிய திறன் கிடைப்பதற்கு இது முக்கியக் காரணம். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிய அந்தக்கால டி.வி.எஸ். 50 மொபெட் இதே வகைதான். தாத்தா வீட்டுக் கொட்டகையில் அதைப் பார்த்த மாணவர் வகுப்பில் ஒருவராவது இருப்பார்.

கார்புரேட்டர்: பழைய இருசக்கர வாகனங்களின் கார்புரேட்டரில் மிதவை ஒன்று எரிபொருள் மட்டத்தைக் காக்கும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பெட்ரோல் வழிந்துவிடும். ரம்பத்தையோ பக்கவாட்டிலும் கவிழ்த்தும் பிடிக்க வேண்டும். ஆகவே மிதவைக்குப் பதில் ஒரு மெல்லிய சவ்வு அழுத்த வேறுபாட்டால் அசைந்து எரிபொருளை அளந்து விடுகிறது. ரம்பத்துக்கு என்று அமைந்த இந்தச் சவ்வுக் கார்புரேட்டர், வளைவுகளில் வீசித் திரும்பும் கார்ட்டுக்கும் பொருந்தியது.

பொருத்தும் தகடு: சங்கிலி ஓடும் நீளமான தகட்டை மெக்கானிக்குகள் 'பார்' என்பார்கள். கார்ட் எஞ்சினில் பார் பொருத்த இடமே இல்லை. எனவே கெட்டியான அலுமினியத் தகட்டைக் கடைந்து எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கிறார்கள். பாரின் நடுவிலுள்ள பள்ளமும் எஞ்சின் தண்டில் உள்ள பற்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். சிறிது விலகினாலும் சங்கிலி கழன்றுவிடும். எஞ்சின் சுற்றும் திசையையும் பார்க்க வேண்டும். பாரின் மேல்விளிம்பில் சங்கிலி ஆளைவிட்டு விலகியும், கீழ்விளிம்பில் ஆளை நோக்கியும் ஓடும்படி பார் அமைய வேண்டும். சங்கிலிக்கு உயவு எண்ணெய் தரும் பம்பு கார்ட் எஞ்சினில் இல்லை என்பதால், அதற்கும் தனி ஏற்பாடு வேண்டும். அதன் பிறகே முன்கைப்பிடி, பின்கைப்பிடி, விசை, எஞ்சினை உடனே அணைக்கும் சுவிட்ச்.

பற்சக்கரம்: கார்ட்டில் எஞ்சினின் சுழற்சியைக் குறைத்துச் சக்கரத்துக்கு அனுப்புவார்கள். ரம்பத்தில் எஞ்சின் தண்டிலேயே பற்சக்கரம் அமர்கிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். 3/8 அங்குல வகைச் சங்கிலியில், பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் சங்கிலியை ஏறத்தாழ 19 மி.மீ. நகர்த்துகிறது. 7 பல் உள்ள சக்கரம் ஒரு சுற்றில் 133 மி.மீ. நகர்த்தும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் சங்கிலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 22 மீட்டர். 14 பல் சக்கரம் போட்டால் வேகம் இரு மடங்காகி வினாடிக்குச் சுமார் 44 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 160 கி.மீ. ஆகும்.

அப்படியானால் பற்களைக் கூட்டிக்கொண்டே போகலாமா? இதுதான் வகுப்பில் எழுப்ப வேண்டிய கேள்வி. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கக் கிடைப்பது. எஞ்சின் 11 கிலோவாட், அதாவது சுமார் 15 குதிரைத்திறன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 மீட்டர் வேகத்தில் சங்கிலிக்குக் கிடைக்கும் விசை 500 நியூட்டன். 44 மீட்டர் வேகத்தில் அது 250 நியூட்டனாகக் குறைந்துவிடும். விசை போதாவிட்டால் மரத்தில் அழுத்தியவுடன் எஞ்சின் திணறும். கியர் சைக்கிளில் மேடு ஏறும்போது நாம் செய்வதும் இதே பேரம்தான். எந்த எஞ்சினுக்கு எத்தனை பல் என்பதைச் சிறந்த கைவினைஞர்களும் சோதித்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

சங்கிலி: இன்றைய ரம்பச் சங்கிலியின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜோசஃப் காக்ஸ், 1946இல் ஒரு மரக்கட்டையைக் குடைந்து கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் செதுக்கின. அதைப் பின்பற்றி இடப்பல், வலப்பல் என மாறி மாறி அமைந்த சங்கிலியை உருவாக்கினார். ஒவ்வொரு பல்லும் தச்சரின் இழைப்புளி போல மரத்தைச் சீவுகிறது. பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேடு, எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. பந்தயச் சங்கிலியில் பற்களை அரத்தால் மெலிதாகத் தேய்த்துக் கூர்மையாக்குவார்கள். இந்த அரவேலையில்தான் கைத்திறன் முழுதும் வெளிப்படுகிறது.

எரிபொருள்: சிலர் பெட்ரோலுக்குப் பதில் மெத்தனாலைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்குச் சுமார் 6.5 கிலோ போதும். அதே அளவு காற்றில் இரு மடங்குக்கு மேல் மெத்தனாலை எரிக்கலாம். அது ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கிறது; கையில் கிருமிநாசினி தடவும்போது உணரும் குளிர்ச்சியைப் போல. ஆனால் மெத்தனால் கொடிய நஞ்சு. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் உயிர்களைப் பறித்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. வேதியியல் வகுப்பில் ஆல்கஹால்கள் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

புகைக்குழாய் சொல்லும் பாடம்

என் பார்வையில் இந்த இயந்திரத்தின் மிகச் சிறந்த அறிவியல், வயிறு பருத்த அதன் புகைக்குழாயில் இருக்கிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இந்த வடிவத்தைச் செம்மைப்படுத்தினார்.

இருவீச்சு எஞ்சினில் ஒரு குறை உண்டு. எரிந்த புகை வெளியேறும் துளை திறந்திருக்கும்போதே புதிய எரிபொருள் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். காடனின் குழாய் இதை ஒலி அலையைக் கொண்டு தடுக்கிறது. புகைத்துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் பகுதியில் அது குறைந்த அழுத்த அலையாக எதிரொலித்துத் திரும்பி, மீதிப் புகையை உறிஞ்சுகிறது. பின்பு குழாய் குறுகும் பகுதியில் மோதி, உயர் அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. வெளியேறப் பார்த்த புதிய கலவையை அது மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த நொடியில் துளை மூடிவிட வேண்டும்.

கணக்கு இதோ. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 6 மில்லிவினாடி. புகைத்துளை அரைச் சுற்று திறந்திருப்பதாகக் கொண்டால் 3 மில்லிவினாடி. சூடான புகையில் ஒலியின் வேகம் வினாடிக்கு 500 மீட்டர் அளவு. 3 மில்லிவினாடியில் அலை 1.5 மீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் குழாயின் நீளம் அதில் பாதி, சுமார் 75 செ.மீ. பத்தாம் வகுப்பு ஒலியியலில் எதிரொலிக்கு நாம் போடும் கணக்கும் இதுவும் ஒன்றே. கிணற்றுக்கும் குன்றுக்கும் பதிலாக இங்கே ஒரு குழாய், அவ்வளவுதான்.

இதை வகுப்பில் நடத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 'சைலன்சரைக் கழற்றினால் வண்டி பறக்கும்' என்ற நம்பிக்கை பதின்வயது மாணவர்களிடம் வலுவாக உள்ளது. சத்தத்தை வேகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அறிவுரை அங்கே எடுபடுவதில்லை, கணக்கு எடுபடுகிறது. இருவீச்சு எஞ்சினில் குழாயைக் கழற்றினால் திரும்பி வர வேண்டிய அலை வராது. எரிபொருள் வீணாகித் திறன் குறையும். நான்குவீச்சு எஞ்சினிலும் புகைவழியும் எரிபொருள் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டவை. கண்டபடி கழற்றினால் அந்தப் பொருத்தம் கெடும். அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

நியூட்டனின் மூன்றாம் விதியை இந்த ரம்பம் போல உணர்த்தும் கருவி குறைவு. பாரின் கீழ்விளிம்பால் அறுக்கும்போது சங்கிலி மரத்தை ஆளை நோக்கி இழுக்கிறது. மரம் ரம்பத்தை முன்னோக்கி இழுக்கிறது. மேல்விளிம்பால் அறுக்கும்போது மரம் ரம்பத்தை ஆளை நோக்கித் தள்ளுகிறது. போட்டியில் இரண்டாம் வெட்டு கடினமாக இருப்பது இதனால்தான். பாரின் முனையின் மேல்கால்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழும்பி ஆளின் முகத்தையோ கழுத்தையோ நோக்கி வரும். சாதாரண ரம்பத்தில் நடக்கும் கொடிய விபத்துகளில் பல இவ்வாறு நேர்கின்றன.

வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அறுந்த சங்கிலித்துண்டு எறிகுண்டு போலப் பாயும். ரம்பத்தொழிலாளர் அணியும் பாதுகாப்புக் காற்சட்டையில், வெட்டுப்பட்டதும் இழைகள் வெளிவந்து பற்சக்கரத்தைச் சுற்றி நிறுத்திவிடும். ஐரோப்பியத் தரநிலையில் அவற்றின் மிக உயர்ந்த வகுப்பே வினாடிக்கு 28 மீட்டர் சங்கிலி வேகத்துக்குத்தான் சோதிக்கப்படுகிறது. நாம் மேலே கணக்கிட்ட வேகமோ 44 மீட்டர்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

எஞ்சினும் எரிபொருளும் இல்லாமலே செய்யக்கூடியவை சில:

1. பள்ளிக்கு வரும் மிதிவண்டிகளின் முன், பின் பற்சக்கரங்களின் பற்களை எண்ணி, பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட்டு, மைதானத்தில் அளந்து சரிபார்த்தல். (6 முதல் 8ஆம் வகுப்பு)

2. வளாகத்தில் கிடக்கும் மரத்துண்டின் சுற்றளவை நூலால் அளந்து, ஆரத்தையும் வெட்டுப்பரப்பையும் காணுதல். (7, 8ஆம் வகுப்பு)

3. வெவ்வேறு நீளமுள்ள உறிஞ்சுகுழல்களை ஊதி, நீளத்துக்கும் ஒலியின் சுருதிக்கும் உள்ள தொடர்பை அட்டவணைப்படுத்துதல். பிறகு புகைக்குழாய்க் கணக்கைத் தருதல். (9, 10ஆம் வகுப்பு)

4. பட்டறையில் ஒதுக்கிப் போட்ட பழைய மொபெட் சிலிண்டரையும் பிஸ்டனையும் கழுவிக் கொண்டுவந்து, துளைகள் எப்போது திறக்கின்றன, எப்போது மூடுகின்றன என்று கையால் நகர்த்திப் பார்த்தல். (10ஆம் வகுப்பு முதல்)

நான்காவது செயல்பாட்டின்போது வகுப்பின் தோற்றமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். தேர்வுத்தாளில் இரண்டு வரி எழுதத் தடுமாறும் மாணவன், பிஸ்டனைக் கையில் வாங்கியதும் எந்த வளையம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறான். விடுமுறையில் மாமாவின் பட்டறையில் பார்த்துக் கற்றது அது. அவனிடம் அறிவு இருக்கிறது. பாடநூலின் சொற்களோடு அது இன்னும் கைகோக்கவில்லை. 'கம்ப்ரஷன் போச்சு' என்று அவன் சொல்வதைத்தான் நாம் 'அழுத்தம் குறைகிறது' என்கிறோம். இரண்டும் ஒன்றே என்று அவனுக்குக் காட்டிவிட்டால், தொழிற்கல்விப் பிரிவோ தொழிற்பயிற்சி நிலையமோ பொறியியலோ, எதுவாயினும் நம்பிக்கையோடு தேர்ந்தெடுப்பான்.

இறுதியாக ஒரு வீட்டுப்பாடம். மர வேலை நடக்கும் இடங்களில் பெரியவர்கள் என்னென்ன பாதுகாப்புக் கருவிகளை அணிகிறார்கள் என்று மாணவர்கள் தள்ளி நின்று கவனித்துப் பட்டியலிடட்டும். கண்ணாடி உண்டா, காதடைப்பான் உண்டா, காலில் காலணியா வெறுங்காலா, ரம்பத்தைத் தோளுக்கு மேல் தூக்கி அறுக்கிறார்களா? பட்டியலில் விடுபட்டவற்றைப் பற்றி அன்று இரவு வீட்டில் பேசட்டும். மூன்றாம் விதியைப் படித்த பிள்ளை, "அப்பா, பார் முனையை மரத்தில் படவிடாதே" என்று காரணத்தோடு சொன்னால் அப்பா கேட்பார்.